ஆஃப்ஷோர் வேலைக்கு ஒன்றேமுக்கால் லட்சம் கட்டலாமா?

கேள்வி: திருவெறும்பூர் பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். வயது 26. பத்தாவது, அப்புறம் ஐடிஐ. 3ஜி, 4ஜி பிளேட் வேலை (செங்குத்தாகவும் தலைக்கு மேலேயும் தகட்டை வெல்ட் செய்வது) நன்றாக வரும். கல்ஃபில் கடலுக்குள் இருக்கும் எண்ணெய் பிளாட்ஃபார்ம்களில் நல்ல சம்பளம் என்கிறார்கள். ஒரு ஏஜென்ட், ‘போசியட், எச்டூஎஸ் (விஷவாயுப் பாதுகாப்பு) இரண்டு கோர்ஸும் வேலையும் சேர்த்து 1,75,000 ரூபாய்’ என்கிறார். லீவு கிடைக்காவிட்டால் கோர்ஸுக்குப் போகாமலேயே சான்றிதழ் வாங்கித் தருவாராம். எனக்கு நீச்சல் தெரியாது. 2021-ல் மும்பைக் கடலில் வேலையாட்கள் தங்கும் பார்ஜ் எனும் மிதவைக் கப்பல் மூழ்கிய செய்தியைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அக்கா நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?

பதில்: தம்பி, நகை அக்கா கழுத்திலேயே இருக்கட்டும். போசியட் கோர்ஸ் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கோர்ஸை இப்போது படிக்காதீர்கள் என்று நானே சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கும் இல்லையா?

போசியட் என்பது வேலைக்கான படிப்பு இல்லை. கடலுக்குப் போகும் ஹெலிகாப்டரில் ஏறுவதற்கான தகுதி, அவ்வளவுதான். சமையல்காரர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஆடிட் பண்ண வரும் ஆபீசர் எல்லோரும் அதே கோர்ஸைத்தான் முடித்துவிட்டு வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருக்கும் ஒபிட்டோ என்ற அமைப்பு பாடத்திட்டத்தை வகுக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற மையங்கள் நடத்துகின்றன. மூன்று நாள் கோர்ஸ். பிளாட்ஃபார்ம் பாதுகாப்பு அறிமுகம், ஹெலிகாப்டரிலிருந்து தப்புவது, கடலில் உயிர் பிழைப்பதும் முதலுதவியும், தீயணைப்பு என்று நான்கு பகுதி. சான்றிதழ் நான்கு வருடம் செல்லும். காலாவதி ஆவதற்குள் ஃபோயட் என்ற ஒருநாள் கோர்ஸ் போனால் புதுப்பித்துக்கொள்ளலாம். தேதி தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து மூன்று நாள்.

இப்போதே படித்துவிட்டு, வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனால் பாதி ஆயுள் வீட்டு அலமாரியிலேயே போய்விடும். அதோடு, இந்தக் கோர்ஸ் ஒரே வகையும் இல்லை. வெப்பக் கடலுக்கு டி-போசியட் என்று ஒன்று. வடகடல் மாதிரிக் குளிர்ந்த கடலுக்கு சர்வைவல் சூட், அழுத்தக் காற்றுச் சுவாசக் கருவி எல்லாம் சேர்ந்த இன்னொன்று. எது வேண்டும் என்று முடிவு செய்வது உங்களை எடுக்கும் கம்பெனி. கம்பெனியே தெரியாமல் கோர்ஸ் படிப்பது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போலத்தான். ஆளை எடுத்த பிறகு தன் செலவிலேயே கோர்ஸுக்கு அனுப்பும் கம்பெனிகள் நிறைய உண்டு. ‘நீயே முடித்துவிட்டு வா’ என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால், ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மையத்துக்குப் போய்ப் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் வழியாக வேண்டாம்.

இனி, கோர்ஸுக்குப் போகாமலே வரும் அந்தச் சான்றிதழ். அது செல்லாது என்பது இருக்கட்டும். சான்றிதழ் எண்ணை வைத்து அசலா போலியா என்று கம்பெனி பார்த்துவிடலாம். மாட்டினால் அந்தக் கம்பெனியின் வாசல் உங்களுக்கு மூடிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மூன்று நாளில் நீச்சல்குளத்துக்குள் நடப்பதைக் காகிதத்தில் வாங்க முடியாது. தியரியை ஆன்லைனில் முடிக்க ஒபிட்டோவே அனுமதிக்கும் கோர்ஸ் வகை இருக்கிறது. தண்ணீருக்குள் செய்ய வேண்டியதற்கு ஆன்லைன் கிடையாது.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஹெலிகாப்டர் உடம்பு மாதிரி ஒரு கூண்டு. உள்ளே சீட், பெல்ட், பக்கத்தில் ஜன்னல். கவரால், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார வைத்து கிரேனில் தூக்கிக் குளத்துக்கு மேலே நிறுத்துவோம். ‘பிரேஸ், பிரேஸ்’ என்று குரல் வந்ததும் குனிந்து தயாராக வேண்டும். கூண்டு இறங்கும். தண்ணீர் முழங்காலுக்கு வரும், வயிற்றுக்கு வரும், நெஞ்சுக்கு வரும். கடைசி மூச்சை இழுத்துப் பிடித்த நேரத்தில் கூண்டு தலைகீழாகப் புரளும். நிஜ ஹெலிகாப்டரும் தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் புரளும். எஞ்சினும் கியர்பாக்ஸும் தலைக்கு மேலே இருப்பதால் எடை முழுக்க அங்கேதான். புரளும்போது மூக்குக்குள் தண்ணீர் சரேலென்று ஏறும். மேல் எது, கீழ் எது, வலது எது, ஒன்றும் தெரியாது.

அந்த நேரத்தில் எல்லோர் கையும் முதலில் போவது பெல்ட்டுக்கு. அதுதான் தப்பு. பெல்ட்டைக் கழற்றினால் உடம்பு மிதந்து, இப்போது மேலே வந்துவிட்ட தரையில் போய் முட்டிக்கொள்ளும். ஜன்னல் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரியான வரிசை வேறு. ஒரு கை, முதலிலிருந்தே ஜன்னல் சட்டத்தில். கூண்டு அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஜன்னலைத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு மறு கையால் பெல்ட். பிடித்த கையை விடாமல் உடம்பை வெளியே இழுக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பின்புதான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதிவிட்டால் அதுவே உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே ஒட்ட வைத்துவிடும். இதில் ஒரு சின்ன விஷயம். ஹெலிகாப்டர் பெல்ட்டின் பூட்டு வயிற்றுக்கு நடுவில் இருக்கும். பதற்றத்தில் ஆட்களின் கை கார் பெல்ட்டைத் தேடி இடுப்புக்குப் போகும். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரிய வேண்டும் என்றால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் குளம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூன் 28 அன்று மும்பைக் கடலில், சாகர் கிரண் என்ற எண்ணெய்த் துளைமேடைக்குப் பக்கத்தில், பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் ஒன்று தண்ணீரில் இறங்கியது. உள்ளே ஒன்பது பேர். ஐந்து பேர் பிழைத்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

நீச்சல் தெரியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். நீச்சல் இந்தக் கோர்ஸுக்குக் கட்டாயத் தகுதி இல்லை. வகுப்பில் பலருக்குத் தெரியாது. முதல் நாள் காலையிலேயே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்திலேயே ஒரு டைவர் இருப்பார். கெளரவம் பார்த்துச் சொல்லாமல் விடுபவர்கள்தான் கூண்டுக்குள் பதறுகிறார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் பதறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கையைக் காலை அடித்து நீந்தப் பார்ப்பார்கள். அங்கே நீந்த வேண்டிய வேலையே இல்லை, பிடித்து இழுத்து வெளியே வரும் வேலைதான். இருந்தாலும் இப்போதிலிருந்தே ஒரு நீச்சல்குளத்துக்குப் போய், மூக்கில் தண்ணீர் ஏறினாலும் கண்ணைத் திறந்தபடி இருக்கப் பழகுங்கள். வாய்க்காலில் இறங்கிப் பழக வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். உங்களுடைய உண்மையான குறை போசியட் இல்லை, 6ஜி. 3ஜி, 4ஜி எல்லாம் பிளேட். கடலில் நீங்கள் தொடப்போவது பெரும்பாலும் பைப். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலே, பக்கவாட்டில், தலைக்கு மேல் எல்லா நிலையிலும் ஒரே தரத்தில் ஓட்டுவதுதான் 6ஜி. அடியில் ஓட்டும் முதல் வரிசையான ரூட் டிக் எனும் வெல்டிங் முறையில், அதற்கு மேலே 7018 என்ற ராடில், முடித்தபின் எக்ஸ்ரே. ஜாக்கெட் எனப்படும் பிளாட்ஃபார்ம் கால்களில் குழாயும் குழாயும் கோணமாகச் சேரும் இணைப்புகளுக்கு 6ஜிஆர் என்று இன்னும் ஒரு படி இருக்கிறது. அதில் வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வளையத்தை வைத்து டார்ச் போக வழியைக் குறுக்கிவிடுவார்கள். கல்ஃப் கம்பெனி இன்டர்வியூவில் சான்றிதழ் கட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பைப் துண்டைத்தான் கையில் கொடுப்பார்கள். அதில் தேறினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். தேறாவிட்டால் நீங்கள் அடகு வைத்து வாங்கிய போசியட் உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் இருக்கும் ஊருக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. திருச்சி பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலையின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே வெல்டர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. போய் 6ஜிக்கு என்ன செலவு, எப்போது வகுப்பு என்று விசாரியுங்கள். பாய்லர் டியூப் வேலை நடக்கும் ஊர் என்பதால் எக்ஸ்ரேயில் பாஸாகும் பைப் வேலை உங்கள் பட்டறையைச் சுற்றியே கிடைக்கும். பிளேட்டிலிருந்து பைப்புக்கு மாற்றச் சொல்லி ஃபோர்மேனைக் கேளுங்கள். கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒரு காகிதம். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, ஒரு வெல்டர் ஒரு முறையில், உதாரணமாக டிக்கில், ஆறு மாதம் வெல்டே ஓட்டாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி போய்விடும். தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்குக் கம்பெனி வைக்கும் பதிவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேலையை விட்டு வரும்போது தகுதிச் சான்றோடு அந்தப் பதிவின் நகலையும், எக்ஸ்ரேயில் எத்தனை ஜாயின்ட் தேறியது என்ற விவரத்தையும் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

6ஜி வந்தபின் நேராகக் கடலுக்குத் தாவ வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டியின் யார்டு இருக்கிறது. கடலில் நிறுத்தும் பிளாட்ஃபார்ம்களின் கட்டமைப்புகளை அங்கேதான் செய்து கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்த மாதிரி யார்டில், கான்ட்ராக்டர் வழியாகவாவது ஒரு புராஜெக்ட் பாருங்கள். கடலில் நடக்கும் அத்தனை நடைமுறையும் அங்கே கரையிலேயே நடக்கும்: காலையில் டூல்பாக்ஸ் டாக் எனும் பாதுகாப்புப் பேச்சு, வேலைக்கு முன் பெர்மிட் எனும் எழுத்து அனுமதி, கேஸ் டெஸ்ட், பக்கத்தில் தீயைக் கவனிக்கும் ஃபயர் வாட்ச் ஆள். உங்கள் பட்டறையில் டார்ச்சைப் பற்றவைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிளாட்ஃபார்மில், கையெழுத்தான பெர்மிட் இல்லாமல் ஒரு பொறி பறந்தால் அடுத்த ஹெலிகாப்டரில் உங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், 1988 ஜூலை 6 இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற பிளாட்ஃபார்மில் நடந்ததால். பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்கக் கழற்றிவிட்டு, திறந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த விவரம் ஒரு பெர்மிட்டில் இருந்தது. இரவு ஷிஃப்டில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. அந்தப் பெர்மிட் தங்கள் கண்ணில் படாததால், வால்வு இல்லாத பம்பை ஓட்டிவிட்டார்கள். கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் தங்கும் பகுதியில், யாராவது உத்தரவு சொல்வார்கள் என்று காத்திருந்தபடியே புகையில் போனவர்கள். தப்பியவர்களில் பலர் கடலில் குதித்தவர்கள். விசாரித்த லார்ட் கல்லன் 1990-ல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் பெர்மிட், ஷிஃப்ட் மாறும்போது ஆளுக்கு ஆள் நேரில் சொல்லி ஒப்படைப்பது, அவசரகாலப் பயிற்சி என்று நாங்கள் உயிரை வாங்குவதற்கெல்லாம் அந்த இரவு பெரிய காரணம். ஒரு வெல்டராக நீங்கள் போனால், ஷிஃப்ட் முடிந்து பெர்மிட்டை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடுத்து வருகிறவரிடம், ‘இந்த ஜாயின்ட் பாதியில் நிற்கிறது’ என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

எச்டூஎஸ் கோர்ஸும் அப்படியே: கம்பெனி முடிவான பிறகு. ஒபிட்டோவின் அடிப்படைக் கோர்ஸ் இரண்டு வருடம்தான் செல்லும். கல்ஃபில் பல எண்ணெய் வயல்களில் இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு என்பதால் கட்டாயம் கேட்பார்கள். நம் ஊரில் செப்டிக் டேங்க்கிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கியவர்களைக் கொல்வதும் இதே வாயுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாசனை. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்து வாசனையே தெரியாது. வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பான். காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அலாரம் அடித்தால் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் திசைக்குப் போக வேண்டும். பக்கத்தில் கூட்டாளி விழுந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் தூக்க ஓடக்கூடாது. இதைக் கேட்க மனசு ஒப்பாது. ஆனால் செப்டிக் டேங்க் செய்திகளில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான். இன்னொன்று, தாடி வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டியிருக்கும். முகமூடி முகத்தோடு ஒட்டாது.

ஏஜென்ட் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கும் இமைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். இப்போதுள்ள விதிப்படி அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரசீது தர வேண்டும். ‘கோர்ஸையும் சேர்த்து’ என்று ஒன்றேமுக்கால் லட்சத்தை மொத்தமாகக் கட்டுவது இந்த வரம்பைத் தாண்டுவதற்கான பழைய வழி. எந்தக் கம்பெனி, எந்த நாடு, என்ன சம்பளம் என்ற விவரத்தோடு கம்பெனியின் கடிதத்தைக் கேளுங்கள், இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால், காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிந்துவைப்பதும் நல்லது.

கடைசியாக அம்மா. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2021 மே 17 அன்று டவ்தே புயலில் பி305 என்ற தங்கும் பார்ஜ் நங்கூரம் அறுந்து, பிளாட்ஃபார்மில் மோதி, ஓட்டை விழுந்து மூழ்கியது. உள்ளே 261 பேர். 70 பேருக்கு மேல் இறந்தார்கள். புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. லைஃப் ராஃப்டு எனும் உயிர்காக்கும் மிதவைகள் பல ஓட்டையாக இருந்தன என்று தப்பியவர்கள் சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு பல மணி நேரம் அலையில் கிடந்தவர்களைக் கடற்படைக் கப்பல்கள் தூக்கின. அங்கே வேலை பார்த்த வெல்டரும் ஃபிட்டரும் செய்த தப்பு ஒன்றும் இல்லை. பார்ஜை எப்போது கரைக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. 2005 ஜூலை 27-ல் மும்பை ஹை நார்த் என்ற பிளாட்ஃபார்மிலும் அப்படித்தான். அங்கே வந்த உதவிக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரலில் காயம்; அவரை இறக்கப் பிளாட்ஃபார்மை நெருங்கிய கப்பல், அலையில் வாயுக் குழாயில் மோதி, சில மணி நேரத்தில் முழு பிளாட்ஃபார்மும் போனது. 22 பேர் இறந்தார்கள். ஆனால் 362 பேரை உயிரோடு மீட்டார்கள். அவசரத்தில் எல்லோரும் சேரும் மஸ்டர் பாயின்டில் கூடுவது, லைஃப் போட்டை இறக்குவது என்று போரடிக்கும் வாராந்திரப் பயிற்சிகளுக்கு அதில் பங்கு இருக்கிறது.

ஆகவே பிளாட்ஃபார்ம் என்பதாலேயே ஆபத்து, பார்ஜ் என்பதாலேயே ஆபத்து என்று அம்மாவிடம் சொல்ல முடியாது, நடத்துகிறவரைப் பொறுத்தது. ஆஃபர் வந்ததும் கம்பெனியிடம் மெயிலில் கேளுங்கள்: இரவில் நான் தூங்குவது பிளாட்ஃபார்மிலா, பார்ஜிலா? பார்ஜ் என்றால் புயல் எச்சரிக்கைக்கு எத்தனை நாள் முன்பு அது இடத்தைவிட்டு நகரும்? லைஃப் ராஃப்டுகளுக்குக் கடைசியாக எப்போது சர்வீஸ் நடந்தது? போகவர ஹெலிகாப்டரா, படகா? கடலில் எத்தனை நாள், கரையில் எத்தனை நாள், காயம்பட்டால் யார் செலவு? ஒழுங்கான கம்பெனிக்கு இதெல்லாம் தினசரி கேட்கும் கேள்விகள், பதில் ஒரே நாளில் வரும். எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.